கன்னத்தில் எடுத்த பிசிறு

போன வருடம் ஆடித் தள்ளுபடி முடிந்து, நின்று நின்று கால் வீங்கிக் கிடந்த நேரம் அது. காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுப் புடவைக் கடையில் பத்தொன்பது வருடமாக வேலை செய்கிறேன். ஃபோனில் நேரலையாகப் புடவை காட்டி விற்க அப்போதுதான் ஆரம்பித்திருந்தார்கள். கேட்கும் புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு கேமரா முன்னால் இருப்பது என் பொறுப்பு. அந்த இரண்டு மணி நேரம் மட்டும் ஸ்டூலில் உட்காரலாம். மற்ற நேரமெல்லாம் நிற்க வேண்டியதுதான். அதனால் அந்த இடத்தை விட்டுக்கொடுக்க எனக்கு மனசே இல்லை.

ஒருநாள் மேனேஜர் தம்பி தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. லைட்டு போட்டா உங்க முகத்துல மங்கு ரொம்பத் தெரியுது. பாக்கறவங்க கமெண்ட்ல அதையே எழுதிக்கினு இருக்காங்க. தீபாவளிக்கு வேற பொண்ண வைக்கலாமான்னு ஓனர் கேக்கறாரு."

எனக்கு நாற்பத்து மூன்று வயது. கன்னத்தில் கருந்திட்டாய் இந்த மங்கு விழுந்து பத்து வருடம் இருக்கும். அதற்காக நான் ஒருநாளும் மெனக்கெட்டதில்லை. அன்று ஐயம்பேட்டை ஷேர் ஆட்டோவில் வீட்டுக்குப் போகும்போது வழியெல்லாம் டிரைவரின் கண்ணாடியில் என் முகத்தையே பார்த்துக்கொண்டு போனேன். அடுத்த வாரமே ஒரு தோல் கிளினிக்கில், மருந்து தடவி மேல்தோலை உரியவைக்கும் கெமிக்கல் பீல் செய்துகொண்டேன். மருந்தைத் தடவியதும் மிளகாய் பட்டதுபோல் எரிந்தது. "நாலு நாள்ல தோல் உரியும். அது தானா விழணும்மா, கை மட்டும் வைக்காதீங்க" என்று அங்கிருந்த நர்ஸ் இரண்டு முறை சொல்லி அனுப்பினாள்.

சொன்னபடியே உரிந்தது. நான் கை வைக்கவில்லை. சத்தியமாக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் வலது கன்னம் சிவந்து புண்ணாகி, பிறகு மங்கைவிடக் கறுப்பாக ஒரு திட்டு நின்றுவிட்டது. இவர்கள்தான் ஏதோ தப்பு செய்துவிட்டார்கள் என்று வயிற்றெரிச்சலோடு போய் டாக்டர் எதிரில் உட்கார்ந்தேன். அந்த அம்மா என்னைவிடக் களைத்துப்போய் இருந்தார்.

"கையால உரிச்சீங்களாம்மா?"

"இல்லீங்க டாக்டர். தொடவே இல்ல."

சொல்லி வாய் மூடவில்லை. என் கை மேஜையைத் தாண்டிப் போய், அவருடைய கோட்டுக் கையில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு நூலை நகத்தால் கிள்ளி எடுத்துவிட்டது. எடுத்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. அவர் என் விரலைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

கடையில் புடவையை மடிக்கும் முன் தடவிப் பார்த்து, நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறைக் கிள்ளி எடுத்துவிடுவோம். கண் கஸ்டமரைப் பார்த்துக்கொண்டிருக்கும், கை அதன் பாட்டுக்கு வேலை செய்யும். கன்னத்தில் உரிந்து நின்ற தோலையும் அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறேன். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

டாக்டர் திட்டவில்லை, சிரித்துவிட்டார். இனிமேல் கிள்ள முடியாதபடி என் கட்டை விரலிலும் ஆள்காட்டி விரலிலும் பிளாஸ்டர் சுற்றிக்கொண்டே, "பத்து வருஷமா இருக்கற மங்குக்கு இப்ப என்ன அவசரம்?" என்று கேட்டார். கடையில் நடந்ததைச் சொன்னேன். ஸ்டூலைப் பற்றிச் சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. அவர் குனிந்து என் காலைப் பார்த்தார்.

"வலி கால்லம்மா. நீங்க முகத்தக் கொண்டாந்து காட்டறீங்க. கடையில வேலை செய்யறவங்களுக்கு உக்கார இடம் தரணும்னு சட்டமே இருக்குது. கேட்டுப் பாத்தீங்களா?"

நான் கேட்டதே இல்லை.

அந்தத் திட்டு மறைய நாலு மாதம் ஆனது. கேமரா முன்னால் இப்போது வேறொரு பெண் உட்காருகிறாள். மடிக்கிற இடத்திலும் உட்கார ஏதாவது போடுங்கள் என்று மேனேஜரிடம் கேட்டேன். இழுத்தடித்து இரண்டு ஸ்டூல் போட்டார்கள். ஆறு பேர் மாறி மாறி உட்காருகிறோம். உட்கார இடம் கேட்கக் கூச்சப்பட்ட நான், முகத்தை உரித்துக்கொள்ளக் கூச்சப்படவில்லையே என்று நினைத்தால் இன்றும் எனக்கு என் மேலேயே கோபம் வருகிறது.