தேவசேனாவின் கல்யாண விசாரணை

பந்தி முடிந்து கை கழுவியதும் தேவசேனாவின் கண் மண்டபத்திலேயே வயதான அம்மாளைத் தேடும். பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக் கொடுத்துவிட்டு, மெதுவாகக் கேட்பதாக நினைத்துக்கொண்டு நாலு வரிசைக்குக் கேட்கும்படி கேட்பாள்: "ஏங்க அத்த, உங்க அக்கா எதுல போனாங்க?" வீட்டில் ஓயாமல் ஓடும் பவர்லூம் சத்தத்தில் பேசிப் பழகிய குரல் அது.

கல்யாண வீட்டில் கேட்கிற கேள்வியா இது? நகரியில் அவளைக் கண்டாலே ஒதுங்கும் சொந்தக்காரர்கள் உண்டு. "வந்துட்டாடா எமனுக்குக் கணக்கெழுத" என்பான் சித்தப்பா மகன் சிட்டிபாபு. "சிரிடா. ஒன் பொண்ணுக்கும் சேத்துதான் கேட்டுக்கினு கீறேன்" என்பாள் இவள்.

போன வருடம் புற்றுநோய் என்று அவளுக்கு இடது மார்பை எடுத்துவிட்டார்கள். அதையும் உரக்கத்தான் சொல்வாள். நோய் திரும்புகிறதா என்று காட்டும் 'மார்க்கர்' பார்க்க அவ்வப்போது திருப்பதிக்குப் போய் ரத்தம் கொடுக்கிறாள். ஊசிக்காரப் பெண் இடக்கையைத் தொட்டால், "அது ஆபரேசன் ஆன பக்கம், வேணாம்மா, வீங்கிக்கும்" என்று வலக்கையை நீட்டுவாள். மார்க்கர் ஏறவில்லையென்றால் அன்றைக்கு மல்லிகைப்பூ உண்டு.

அங்கேதான் டாக்டர் கேட்டார், குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்ததா, அம்மா வழியிலா, அப்பா வழியிலா என்று. இருந்திருந்தால் அவளும் மகளும் பரம்பரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லதாம். "தாய்மாமனைக் கட்டிக்கினேன் சார். எம் பொண்ணுக்கு ரெண்டு வழியும் ஒண்ணுதான்" என்று சிரித்தவளுக்கு, பேருந்து ஏறியதும் சிரிப்பு நின்றுபோயிற்று. மகள் பிரீத்திக்கு இரண்டு பக்கமும் அதே ரத்தம்.

பிரீத்தியோ அசையவில்லை. "நம்ம வூட்ல யாருக்கும்மா இருந்துச்சு? சும்மா பயமுறுத்தாத." அதுவும் சரிதான். அவர்கள் வீட்டுப் பெண்களுக்கு அந்த நோய் வந்ததே இல்லை. எல்லோரும் காமாலையில், காய்ச்சலில், காற்றுப் பட்டுப் போனவர்கள்.

கிழவிகள் யாரும் சாவிலிருந்து ஆரம்பிப்பதில்லை. பெரியத்தை தலையில் பஞ்சுத் தூசியோடு புத்தூருக்கு மேட்னி போனது, வறுத்த வேர்க்கடலையை மடியில் கட்டிக்கொண்டு தறிக்கு உட்கார்ந்தது என்று போகும் பேச்சு. கேட்கக் கேட்க தேவசேனாவுக்கு வந்த காரியமே மறந்துவிடும். போனவர்களின் சிரிப்பையெல்லாம் இன்னொரு தரம் கேட்க மாட்டோமா என்று மனசு அடித்துக்கொள்ளும். கூடவே அம்மா சுந்தரியின் நினைப்பும் வரும். கடைசி வருடம் அம்மா அவளை வலப்பக்கம் மட்டும்தான் படுக்கவிட்டாள். தூக்கத்தில் இடப்பக்கம் வந்து ஒட்டினால் தள்ளிவிடுவாள். அம்மாவுக்குத் தன்மேல் என்ன கோபமோ என்று சின்ன வயதில் எத்தனையோ நாள் அழுதிருக்கிறாள்.

போன தையில் நாராயணவனத்தில் ஒரு கல்யாணம். அம்மாவின் தங்கை வெங்கடம்மாவைப் பிடித்துக்கொண்டு, அம்மா எதில் போனாள் என்று கேட்டாள். பக்கத்தில் பிரீத்தி போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காமாலதான்" என்றாள் சித்தி.

"அப்போ ஏன் சித்தி என்னெ இடப்பக்கம் படுக்கவுடல?"

சித்தி வாயில் இருந்த வெற்றிலையைத் துப்பினாள். பிறகு பிரீத்தியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "மார்ல கட்டி. புண்ணாயிடுச்சி. எங்க நைனாதான் வெளிய சொல்லக்கூடாதுன்னாரு. தெரிஞ்சா ஒன்ன யாரு கட்டுவா? அதான் எங்க தம்பிக்கே கட்டி வெச்சோம்."

பிரீத்தி போனை அணைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தாள்.

அடுத்த வாரம் இருவரும் திருப்பதியில் ரத்தம் கொடுத்தார்கள். ரிப்போர்ட் வர நாளாகும் என்றார்கள். முடிவு தெரிவதற்கு முன்பே தேவசேனா பூ வாங்கியது அன்றைக்குத்தான். மகள் தலையிலும் வைத்தாள். திரும்பும் பேருந்தில் பிரீத்தி தூங்கி அம்மாவின் இடப்பக்கம் சாய்ந்தாள். தழும்பில் பட்டுவிட்டதோ என்று திடுக்கிட்டு விலகினாள். தேவசேனா அந்தத் தலையை இழுத்து அங்கேயே வைத்து அழுத்திக்கொண்டாள்.