திருப்பிக் கேட்ட போணி

சாலை பஜாரில் ஈசிஜி மெஷினைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக அலைந்தவள் நான். ஆராய்ச்சிக்காக, நோய் எதுவும் இல்லாதவர்களின் இதயத் துடிப்பைப் பதிவு செய்கிற வேலை. மனமுவந்து வருகிறவர்களிடம் மட்டும்தான் எடுக்க வேண்டும். அந்த மனம் உவக்கிற வரைக்கும் வெயிலில் நிற்பது யார்? நான்தான்.

பலசரக்குக் கடை அண்ணாச்சி, நாகர்கோவில் பக்கத்துக்காரர், சம்மதித்திருந்தார். காலையில் போய் நின்றால், இன்னும் போணி ஆகவில்லை, அதற்கு முன்னால் கடையிலிருந்து எதையும் சும்மா எடுத்துக் கொடுக்க மாட்டேன் என்றார். துடிப்பையுமா? துடிப்பையும்தான். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. முதல் வியாபாரத்தை நானே செய்து தொலைக்கிறேன் என்று ஒரு கிலோ சிறுபயறு வாங்கினேன். காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, சட்டையைக் கழற்றி, பெஞ்சில் படுத்தார்.

காகிதத்தில் துடிப்பு ஓடியது. பிறகு நீளமாக ஒன்றுமில்லை, வெறும் கோடு. மறுபடியும் துடிப்பு. ஒயர் கழன்றிருக்கும் என்று எல்லாவற்றையும் அழுத்திவிட்டு இன்னொரு தடவை எடுத்தேன். அதே இடைவெளி. தலை சுற்றுமா என்று கேட்டேன். அப்பப்போ கண் இருட்டும், கேஸ்தான் என்றார். போனில் படம் எடுத்து எங்கள் டாக்டருக்கு அனுப்பினேன். உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வா என்றார்.

அண்ணாச்சி அசையவில்லை. போணி ஆன கடையை உடனே அடைக்கக் கூடாதாம். கெஞ்சினேன், அதட்டினேன். சாயங்காலம் பார்க்கலாம் என்று தராசைத் துடைக்க ஆரம்பித்தார். பயறுப் பொட்டலத்தை அவர் முன்னால் வைத்தேன்.

"பயறு வேண்டாம் அண்ணாச்சி. காசைத் திருப்பித் தாங்க. இன்னைக்குப் போணியே ஆகல்லன்னு வச்சுக்கிடுங்க."

போணியைத் திருப்பிக் கேட்கிறவளை அந்தத் தெருவில் மனுஷியாகவே மதிக்க மாட்டார்கள். அவர் முகம் கறுத்துவிட்டது. காசை வீசாத குறையாக வைத்துவிட்டு ஷட்டரை இழுத்தார். ஆட்டோவில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார். தம்பானூர் தாண்டுவதற்குள் கண் சொருகி என் தோளில் சாய்ந்தார்.

ஆஸ்பத்திரியில் பேஸ்மேக்கர் வைத்துக் காப்பாற்றிவிட்டார்கள்.

சில வாரம் கழித்து ஒருநாள் காலையில் போன்.

"கடை தொறந்தாச்சு மக்ளே. ரெண்டு பேரு வந்தாவ, குடுக்கல்ல. அன்னைக்குப் போணியத் திருப்பினது நீதானே. நீ வந்து வாங்காம நான் தராசத் தொட மாட்டேன், கேட்டோ."

வேலை நேரத்தில் இதென்ன அநியாயம் என்று திட்டிக்கொண்டே, கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆட்டோ பிடித்தேன்.