நாலாக மடித்த நோட்டு

எனக்குக் கோபம் வந்தால் அடங்க நாளாகும். ஜப்பான்காரன் காலத்தில் சுங்கைப் பட்டாணியிலிருந்து எங்கள் ரப்பர் தோட்டத்துக்கு வந்துபோன மெக்கானிக் மேல் வந்த கோபம் மாதக்கணக்கில் அடங்கவில்லை. அந்தக் கோபம்தான் என் கணவரைக் காப்பாற்றியது என்று இன்றைக்கும் சொல்வேன்.

சுங்கை லாலாங் பக்கத்துத் தோட்டம் அது. வெள்ளைக்கார துரை ஓடிப்போனதும் ரப்பர் மரத்தில் பால்வெட்டு நின்றது. ஸ்டோரில் ரப்பர் உருளைகளைச் சுற்றிக்கொண்டிருந்த எஞ்சினை நெல்லரைக்க மாற்றிப் பூட்டினார்கள். அரைத்த அரிசியில் பெரும்பங்கு ஜப்பான்காரன் லாரியில் போய்விடும், குருணையும் தவிடும் நாங்கள் குடியிருந்த லயத்துக்கு வரும். எஞ்சினை ஓட்டுகிறவர் என் கணவர். நெல் கொட்டுவதும் தவிடு அள்ளுவதும் நான். டீசல் இல்லாததால் ரப்பரைக் காய்ச்சி எடுத்த எண்ணெயை ஊற்றித்தான் ஓட்டினோம். அந்த நாற்றம் துவைத்தாலும் சேலையை விட்டுப் போகாது. ஆனாலும் நான் அதைப் பொறுத்துக்கொண்டேன், ஏனென்றால் சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்த நாட்களில் எஞ்சின் ஓட்டுகிறவரை மட்டும் தொடமாட்டார்கள். சயாமுக்குப் போனவர்களிடமிருந்து ஒரு கடுதாசிகூட வந்ததில்லை.

மெக்கானிக் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சைக்கிளில் வருவார். சுற்றுவட்டாரத் தோட்டங்களுக்கெல்லாம் அவர் ஒருவர்தான். எஞ்சின் தலையில் இரண்டு வால்வுகள் உண்டு. வால்வின் தண்டுக்கும் அதை அமுக்குகிற இரும்புக் கைக்கும் நடுவே மிகச் சிறிய இடைவெளி வேண்டும். அதைச் சரிபார்ப்பதுதான் அவர் வேலையில் பாதி. அளக்கிற மெல்லிய தகடுகளை ஜப்பான்காரன் பட்டறைச் சாமான்களோடு வாரிக்கொண்டு போய்விட்டானாம். அதனால் அவராக ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். ஜப்பான்காரன் அடித்த, வாழைமரம் போட்ட பத்து வெள்ளி நோட்டை நாலாக மடித்து இடைவெளியில் நுழைப்பார். இழுத்தால் லேசாகப் பிடித்துக்கொண்டு வந்தால் அளவு சரி என்பார்.

முதல் தடவை அவர் கையில் நோட்டு இல்லை. என் கணவரின் சட்டைப் பையில் இருந்ததை உருவிக்கொண்டார். மொடமொடவென்றிருந்த புது நோட்டு. வேலை முடிந்து திருப்பித் தந்தபோது எண்ணெய் ஊறிக் கறுத்துப் போயிருந்தது, சீனர் கடையில் வாங்க மறுத்துவிட்டார்கள். என்றைக்காவது அவர் முகத்துக்கு நேரே நீட்டிக் கேட்க வேண்டும் என்று அதைத் தகர டப்பாவில் போட்டு வைத்தேன். நான் முறைத்த முறைப்பில், அடுத்தடுத்த தடவைகளில் அவர் தன் நோட்டையே கொண்டுவந்தார்.

மூன்றாவது தடவை அவர் வந்துபோன பிறகு எஞ்சின் மக்கர் பண்ண ஆரம்பித்தது. காலையில் ஒரே சுற்றில் பிடித்துக்கொள்ளும். அரை மணி நேரம் ஓடிச் சூடேறியதும் மூச்சு வாங்கி நின்றுவிடும். ஆறவிட்டால் மறுபடி ஓடும். அந்த நேரம் பார்த்து என் கணவருக்கு மலேரியா, கொய்னா மருந்தோ எங்கும் கிடைக்கவில்லை. அவர் பாயில் நடுங்கிக்கொண்டு கிடக்க, வேலையாட்களை மேய்க்கிற மண்டோரைக் கெஞ்சிச் சக்கரத்தைச் சுற்றவைத்து நான்தான் ஓட்டினேன்.

அடுத்த வாரம் ஜப்பான் அதிகாரி எஞ்சினைப் பார்க்க வருகிறார் என்று தோட்டத்துக் கணக்கெழுதுகிற கிராணி கூப்பிட்டுச் சொன்னார். ஓடாத எஞ்சின்களை இரும்புக்காக உடைத்து எடுத்துப் போகிறார்களாம். கிராணி கெட்டவர் இல்லை. ஆனால் சயாமுக்கு அனுப்புகிற ஆட்களின் பட்டியலை எழுதுகிற கை அவருடையது.

"எஞ்சின் ஓடுனா உன் வீட்டுக்காரரு இங்க. ஓடலன்னா சயாம். காய்ச்சல்னு சொன்னாலும் விட மாட்டான். என்னால ஒண்ணும் செய்ய முடியாது" என்றார்.

மெக்கானிக்கை வரவழைத்தோம். எஞ்சின் தலையின் மூடியைக் கழற்றினார், தன் நோட்டை மடித்து இரண்டு வால்விலும் நுழைத்து இழுத்தார், இடைவெளி கச்சிதம் என்றார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டே, வால்வு கருகிவிட்டது, தலையும் விரிசல் விட்டிருக்கும், சாமான் எங்கும் கிடைக்காது, எஞ்சின் செத்துவிட்டது என்று எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்றார். துணி கிழிந்துவிட்டது என்பதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது.

"கருகிப்போன வால்வு காலையில மட்டும் எப்படிண்ணே நல்லா இருக்கும்?" என்று கேட்டேன்.

அவர் சாமான்களைப் பையில் போட ஆரம்பித்தார். முன்பெல்லாம் எஞ்சின் தலைக்குள் டிக்டிக்கென்று ஒரு சத்தம் கேட்குமே, இப்போது கேட்கவில்லையே என்றும் கேட்டேன். சத்தமே இல்லாமல் ஓடுவது தன் கைவேலையின் சுத்தம் என்றார் பெருமையாக.

"தவிடு அள்ளுறவங்க தவிட்ட அள்ளுங்க தங்கச்சி" என்று சொல்லிவிட்டுக் காகிதத்தை எழுதிக் கிராணியிடம் கொடுத்துப் போய்விட்டார்.

அன்று மத்தியானம் என் கணவருக்குத் துணி மூட்டை கட்ட உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. கைச்செலவுக்கு வைக்கலாம் என்று அந்த வாரக் கூலியாக வந்த நோட்டை எடுத்தேன், அதோடு டப்பாவில் கிடந்த பழைய எண்ணெய் நோட்டும் வந்தது. இரண்டும் விரல்களுக்கு நடுவே இருந்தன. பழையது தடித்த காகிதம். புதியது வெங்காயச் சருகு. நோட்டு அடிக்க அடிக்க ஜப்பான்காரன் காகிதத்தை மெலிய வைத்துக்கொண்டே வந்திருக்கிறான். மெக்கானிக் ஒவ்வொரு தடவையும் கையில் கிடைத்த புது நோட்டை அதே நாலாக மடித்திருக்கிறார். இடைவெளியும் அதற்கேற்பக் குறுகிக்கொண்டே வந்திருக்கிறது.

மூட்டையை அப்படியே போட்டுவிட்டு என் கணவரை எழுப்பினேன். காய்ச்சலிலும் அவருக்கு உடனே புரிந்துவிட்டது. சூடானால் இரும்பு நீளும், அது நீளத்தான் அந்த இடைவெளி, இடம் போதாவிட்டால் வால்வு மூடாமல் நின்றுவிடும் என்றார். மெக்கானிக் தவிர யாரும் மூடியைத் தொடக்கூடாது என்பது உத்தரவு. தொட்டுப் பார்த்துவிடுவோம் என்றேன்.

நானும் மண்டோரும் கைத்தாங்கலாக அவரை ஸ்டோருக்குக் கூட்டிப்போய்ச் சாக்கின் மேல் உட்கார வைத்தோம். ஸ்பேனர் பிடிக்க அவர் கையில் தெம்பில்லை. அவர் சொல்லச் சொல்ல நான் செய்தேன். இரண்டு வால்வும் மூடி நிற்கும் இடத்துக்குச் சக்கரத்தைக் கொண்டுவந்தோம். பழைய நோட்டை நாலாக மடித்து நுழைத்தேன், முனைகூட உள்ளே போகவில்லை. வெற்றி பெற்றவள்போல அவரைப் பார்த்தேன். நட்டைத் தளர்த்தி, திருகாணியைக் கால் சுற்றுக்கும் குறைவாகப் பின்னால் விட்டு, நோட்டு லேசாகப் பிடித்துக்கொண்டு வரும்வரை திரும்பத் திரும்பச் செய்தேன். விரல் முட்டியெல்லாம் தோல் உரிந்தது. மண்டோர் சக்கரத்தைச் சுற்றினார். டிக்டிக் என்ற அந்தச் சத்தம் திரும்பி வந்தது. அரை மணி நேரம் போயிற்று, ஒரு மணி நேரம் போயிற்று, எஞ்சின் நிற்கவில்லை. அப்போதுதான் அழுதேன்.

அதிகாரி வந்த அன்று காலையிலிருந்து உச்சி வெயில் வரை நெல் அரைத்தோம். அவர் எஞ்சினைச் சுற்றி வந்து சத்தத்தைக் காட்டி ஏதோ கேட்டார். அது நல்ல சத்தம் என்று கிராணி தலையாட்டினார். என் கணவர் பெயர் பட்டியலில் ஏறவில்லை.

தன் காகிதம் பொய்யாகிவிட்டதே என்று இரண்டாம் நாளே மெக்கானிக் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தார். யாரைக் கேட்டு மூடியைத் திறந்தாய் என்று சத்தம் போட்டார். அத்தனை மாதம் சேர்த்து வைத்திருந்த வசவுகள் எல்லாம் நாக்கு நுனியில் இருந்தன. ஆனாலும் இரண்டு நோட்டையும் அவர் விரல்களுக்கு நடுவே வைத்தேன், அவ்வளவுதான். அவர் தடவிப் பார்த்தார். மறுபடி தடவினார். முகம் வெளுத்துச் சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"இதே மாதிரி இன்னும் ரெண்டு எஞ்சின செத்துப்போச்சுன்னு எழுதிக் குடுத்துட்டேன் தங்கச்சி" என்றார்.

அவற்றை ஓட்டியவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்டேன். ஒருவர் சயாமுக்குப் போய்விட்டார், இன்னொருவர் வெள்ளிக்கிழமை லாரியில் போகிறார் என்றார். அன்று வியாழக்கிழமை.

பழைய நோட்டைச் சரிபாதியாகக் கிழித்து ஒரு பாதியை அவரிடம் கொடுத்தேன். பாதி நோட்டையும் நாலாக மடிக்கலாம், கனம் அதேதான். கொடுத்த தேநீரைக்கூடக் குடிக்காமல் சைக்கிளைத் திருப்பி, டவுனுக்குப் போகாமல் அந்த இன்னொருவர் இருந்த தோட்டத்துப் பாதையில் மிதித்தார்.

அந்த எஞ்சின் ஓடியது. அதை ஓட்டியவர் லாரியில் ஏறவில்லை. முதலாமவர் சண்டை முடிந்தும் சயாமிலிருந்து திரும்பவில்லை. அவர் மனைவி இருந்த லயம் எங்கள் தோட்டத்துக்கு வரும் வழியில்தான் இருந்தது. அதன் பிறகு மெக்கானிக் எப்போது வந்தாலும், அந்த லயத்துக்கு முன்னால் சைக்கிளைவிட்டு இறங்கி, அது முடியும்வரை தள்ளிக்கொண்டேதான் நடந்து வருவார்.