உடாதீங்க சாமி

1. முதல் நாள்

கோர்ட்டில் டவாலியாகச் சேர்ந்த முதல் நாளே நான் எல்லோரும் சிரிக்கும்படி ஆகிவிட்டேன். டவாலி என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்கலாம். வெள்ளை உடுப்பின் மேல் குறுக்கே சிவப்புப் பட்டையை மாட்டிக்கொண்டு நீதிபதிக்கு முன்னால் நடந்து வருபவன். அவர் உட்கார்ந்ததும் வாசலில் நின்று வழக்குக்காரர்களின் பெயரைக் கூப்பிடுபவன். காலையில் வரிசையாகக் கூப்பிடுவதைக் ‘கால் ஒர்க்’ என்பார்கள். ஒரு பெயரை மூன்று தடவை கூப்பிட வேண்டும். மூன்றாவது தடவையும் ஆள் வரவில்லை, வக்கீலும் மனுப் போடவில்லை என்றால் பிடிவாரண்ட் போட்டுவிடுவார்கள்.

நான் திருச்செங்கோட்டுப் பக்கத்து ஆள். ‘ங்க’ போடாமல் எங்களுக்கு வாய் வராது. வெள்ளாமையில் மேய்கிற மாட்டைக்கூட ‘அட, அக்கட்டால போங்க’ என்று ஓட்டுகிற ஜனம் நாங்கள். முதல் பெயர் கந்தசாமி, ஏதோ சீட்டாட்ட வழக்கு. நான் வாசலில் நின்று, “ஏனுங்க கந்தசாமி, உள்ள வாங்க!” என்று கூப்பிட்டேன். வராந்தாவே சிரித்தது. நீதிபதி ஐயா கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார். பென்ச் கிளார்க் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “ஏப்பா, கோர்ட்டுக்குக் கூப்புடறயா, கண்ணாலத்துக்குக் கூப்புடறயா? மொட்டையாக் கூப்புடு. இந்த வாசப்படிக்கு மரியாதை தெரியாது” என்றார்.

மொட்டையாகக் கூப்பிடக் கற்றுக்கொண்டேன். நன்றாகவே கற்றுக்கொண்டேன். ஒரு நாள் வீட்டில் காப்பி கேட்டு என் வீட்டுக்காரம்மாவை மூன்று தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டேன். அன்றைக்குக் காப்பியும் இல்லை, சோறும் இல்லை.

2. பதினேழு பேர்

வேலைக்குச் சேர்ந்து வெகு காலம் கழித்து வந்தது அந்தச் சாலைமறியல் வழக்கு. காவிரிக் கரையோரத்து ஊர் ஒன்றில் குழாயில் சாயத் தண்ணீர் கலந்து வந்திருக்கிறது. மனுக் கொடுத்துப் பார்த்தார்கள். யாரும் எட்டிப் பார்க்கவில்லை. காலிக் குடங்களோடு ரோட்டில் உட்கார்ந்தார்கள். மதியத்துக்குள் கூட்டம் பெருகிவிட்டது. ஊர்க்காரர்களுக்கே தெரியாத முகங்களும் அதில் இருந்ததாகச் சொன்னார்கள். எங்கிருந்தோ ஒரு கல் வந்தது. பஸ் கண்ணாடி உடைந்தது, தடியடி நடந்தது. வெளி மாவட்டத்திலிருந்து பந்தோபஸ்துக்கு வந்திருந்த ஒரு போலீஸ்காரரின் மண்டையும் உடைந்தது.

பதினேழு பேர் மேல் வழக்கு. கோர்ட்டுக் கணக்கில் ஏ-1, அதாவது முதல் எதிரி, சாமியப்பன், தறி மெக்கானிக். மைக்கைப் பிடித்துப் பேசியவர். ஏ-9 பழனியம்மாள், தறி ஓட்டுகிறவர். நான் சொல்ல வந்தது இந்த அம்மாவைப் பற்றித்தான்.

மற்றவர்கள் மேல் மறியல், கூட்டம் கூடியது என்று பொதுவான குற்றம். பழனியம்மாள் மேல் மட்டும் போலீஸைத் தாக்கத் தூண்டினார் என்று தனியாக ஒன்று இருந்தது. ஏ-1 சாமியப்பனைப் பார்த்து ‘விடாதே சாமி’ என்று கத்தினாராம். அதன் பிறகுதான் கல் விழுந்ததாம். ஒரு செல்போன் வீடியோவில் குரலும் இருந்தது. ‘உடாதீங்க சாமி, உடாதீங்க’ என்று ஒரு பெண் குரல். ஆள் தெரியாது, தூசிதான் தெரியும்.

ஸ்டேஷனில் கேட்டபோது இந்த அம்மா, “ஆமாங்க, நாந்தான் சொன்னேன்” என்று ஒப்புக்கொண்டுவிட்டார். கேட்ட அதிகாரி தெற்குச் சீமைக்காரர். ‘சாமி’ என்றது யாரை என்று அவர் கேட்கவும் இல்லை, இவர் சொல்லவும் இல்லை. விழுந்து கிடந்த யாரோ ஒருவரைக் கைகொடுத்துத் தூக்கும்போது சொன்னது என்று பிற்பாடு வக்கீலிடம் அழுதிருக்கிறார். தூக்கியதைப் பார்த்தவர்கள் யாரும் இல்லை. தடியடியில் அவரவர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிய நேரம் அது.

தண்டனை வந்தால் ஜெயில். அந்த அம்மாவுக்கு ஜெயிலைவிட வீட்டைப் பற்றித்தான் பயம். வீட்டுக்காரர் பக்கவாதத்தில் கட்டிலோடு கிடந்தார், பிள்ளைகளும் கிடையாது. வாய்தாவுக்கு வரும்போதெல்லாம் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கெஞ்சி அவரை விட்டுவிட்டு வருவார். ஒரு தடவை என்னிடம் கேட்டார்.

“ஏனுங்க, செயிலுக்குப் போனா இடையில ஒருவாட்டி ஊட்டுக்கு உடுவாங்களா? அவருக்கு நான் ஊட்டுனாத்தானுங்க சோறு எறங்கும். வேற ஆரு ஊட்டுனாலும் வாயத் தொறக்க மாட்டாருங்க.”

“அந்த நெலமை வராதும்மா” என்றேன். அதைச் சொல்ல எனக்கு என்ன அதிகாரம்?

3. மூன்றாவது கூப்பாடு

வாய்தா என்கிற சொல்லைக் கண்டுபிடித்தவனை நான் பார்த்தால் நாலு வார்த்தை கேட்பேன். அதிகாரி மாற்றல், சாட்சி வரவில்லை, வக்கீல்கள் புறக்கணிப்பு, கட்டடத்துக்குப் பெயிண்ட் அடிப்பு என்று ஆறு வருஷம் ஓடியது. ஒவ்வொரு வாய்தாவும் அந்தப் பதினேழு பேருக்கும் ஒரு நாள் கூலி நட்டம். ‘கேஸ்காரி’ என்று பழனியம்மாளுக்கு நிரந்தர ஷிப்ட் கொடுக்க எந்தத் தறிப் பட்டறையும் முன்வரவில்லை. ஆள் வராத நாளில் மாற்றுக்கு ஓட்டிப் பிழைத்தார்.

இதற்கிடையில் சாமியப்பன் தறிக்கடியில் ஸ்பானர் பிடித்தபடியே மாரடைத்துப் போய்விட்டார். ஊருக்கே தெரியும். ஆனால் இறப்புச் சான்றிதழ் கோர்ட்டுக்கு வந்து சேரும்வரை அவர் பெயரையும் கூப்பிட்டாக வேண்டும். நான் வாசலில் நின்று “சாமியப்பன், சாமியப்பன், சாமியப்பன்” என்றேன். சுவரோரம் நின்ற அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். “அவரு மேல இருக்கற கோர்ட்டுக்குப் போயிட்டாருங்க” என்று பழனியம்மாள் மெதுவாகச் சொன்னார். உள்ளே வந்து “ஆள் இல்லை அய்யா” என்று நான் சொன்னபோது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

தொழிலில் நானாகக் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. முதல் இரண்டு கூப்பாட்டை வாசலில் நின்று கூப்பிடுவேன். மூன்றாவதை வெளிக் கேட் வரைக்கும் நடந்து போய்க் கூப்பிடுவேன். இத்தனை நொடிக்குள் கூப்பிட வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. பஸ் டயர் பஞ்சராகிப் பழனியம்மாள் பிந்தி வந்த ஒரு நாளில், கேட்டில் நின்று அவர் பெயரை ராகம் போட்டு இழுத்தேன். “பழனியம்மா…ள்” என்று நான் முடிப்பதற்குள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்து சேர்ந்தார். உள்ளே போனதும் பென்ச் கிளார்க், “என்னப்பா, கச்சேரி முடிஞ்சுதா?” என்றார். நல்ல மனுஷன். அதற்கு மேல் கேட்கவில்லை.

4. வாசலில் நடந்தது

அடிபட்ட போலீஸ்காரர் சாட்சி சொல்ல வந்த நாள் கடும் வெயில். விருதுநகர்ப் பக்கத்துக்காரர். மண்டைக் காயம் ஆறியும் இடது காது கேட்காமல் போய்விட்டது. வெயிலில் நின்றால் தலை சுற்றும் என்று யூனிபாரத்தில் வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவரைப் பார்த்ததும் எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அவருக்கு அப்போது முப்பதுகூட ஆகியிருக்காது என்பதைக் கவனித்ததும் அந்தக் கோபம் எங்கே போய் உட்காருவது என்று தெரியாமல் நின்றது.

திடீரென்று அவர் கால் தடுமாறியது. சுவரோரம் உட்கார்ந்திருந்த பழனியம்மாள் எழுந்து ஓடி அவர் கையைப் பிடித்துவிட்டார். போலீஸ் உடுப்பைப் பார்த்து ஒதுங்க வேண்டிய ஆள். ஒதுங்கவில்லை.

“புடிச்சுக்கோங்க சாமி. கைய உடாதீங்க. உடாதீங்க சாமி” என்றார்.

உட்கார வைத்துத் தன் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார். அவர் குடிக்கவில்லை. இந்த அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்காத காதைத் திருப்பி நல்ல காதை இந்தப் பக்கம் கொண்டு வந்தார்.

“என்னம்மா சொன்னீங்க? இன்னொருக்கச் சொல்லுங்க.”

“தண்ணி குடிங்கன்னேன் சாமி.”

“என்னைய ஏம்மா சாமிங்கிறீங்க?”

“எல்லாத்தையும் அப்பிடித்தானுங்க கூப்புடுவோம். பெரியவிகளயும் சாமிம்போம், கொழந்தைகளயும் சாமிம்போம்.”

அவர் முகம் மாறியது. “அன்னைக்குச் சாக்கடைக்குள்ள கிடந்தப்ப என் கையப் பிடிச்சு இழுத்தது…” என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார். அந்த அம்மா அவர் நெற்றித் தழும்பைப் பார்த்தார். “அட கடவுளே, அந்தப் பையன் நீங்கதானா? மூஞ்சியெல்லாம் ரத்தமா இருந்துச்சே. பொழச்சுக்கிட்டீங்களா சாமி!” என்று வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தார்.

சாட்சியும் எதிரியும் பேசிக்கொள்ளக் கூடாது. தடுக்க வேண்டியவன் நான்தான். நான் மேலே சுற்றுகிற ஃபேனில் எத்தனை றெக்கை என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு போலீஸ்காரரின் பெயரைக் கூப்பிட்டேன்.

5. கூண்டில் நடந்தது

அப்போது நீதிபதியாக இருந்தவர் இளம் வயது நடுவர் அம்மா. கண்டிப்பானவர். அரசு வக்கீல் கூண்டில் ஏறிய போலீஸ்காரரிடம், “ஏ-9 பழனியம்மாள் என்ன சொன்னார்?” என்று கேட்டார்.

“உடாதீங்க சாமின்னு சொன்னாங்க அய்யா.”

“யாரைப் பார்த்துச் சொன்னார்?”

“என்னையப் பார்த்து, அய்யா.”

அரசு வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார். “ஏ-1 பேரு சாமியப்பன். அவரைப் பார்த்துச் சொன்னதாக விசாரணையில் சொல்லியிருக்கீங்க.”

“ஆஸ்பத்திரியில வந்து கேட்டாங்க அய்யா. சாமின்னு குரல் கேட்டுச்சுன்னேன். முன்னால நின்ன ஆளு பேரு சாமியப்பன்னு சொன்னாங்க. சரியாத்தான் இருக்கும்னு நானும் நினைச்சுட்டேன். எங்க ஊர்ல சாமின்னா கோயில்ல இருக்கது அய்யா. இந்த ஊர்ல எல்லாருமே சாமியாம். இப்ப வாசல்ல வச்சு என்னையவே கூப்பிட்டாங்க. அதே குரலு, அதே வார்த்தை. நான் சாக்கடையில கெடக்கேன். கையக் குடுத்து, உடாதீங்கன்னாங்க. விட்டிருந்தா நான் இன்னைக்கு இங்க நிக்க மாட்டேன்.”

பிறழ்சாட்சி என்று அறிவிக்க அரசு வக்கீல் அனுமதி கேட்டார். அது அவர் கடமை. தன் இலாகாவுக்கு எதிராகச் சொன்ன போலீஸ்காரருக்கு என்ன வரும் என்று கோர்ட்டில் எல்லோருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். நடுவர் அம்மா பேனாவைக் கீழே வைத்தார். “கல் எறிந்தது யார் என்று பார்த்தீர்களா?”

“இல்லம்மா. பார்த்திருந்தா சொல்லிருப்பேன். என் காது போச்சும்மா. எறிஞ்சவனை மட்டும் தெரிஞ்சா நான் விடமாட்டேன். இவங்க இல்ல.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், சிவப்புப் பட்டையின் ஓரத்தில் துடைத்துக்கொண்டேன். காது போன அந்தப் பையனுக்கும் நியாயம் கிடைக்கவில்லை. எறிந்த கை இன்று வரை எந்தக் கோர்ட்டிலும் ஏறவில்லை. அந்தக் கைக்கு வாய்தாவும் இல்லை.

6. கடைசி வாய்தா

தீர்ப்பு நாளன்று பதினாறு பேரும் வந்திருந்தார்கள். நான் வாசலில் நின்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். ஏ-9 பெயர் வந்தபோது எனக்கு என்ன ஆயிற்றோ, முதல் நாள் வாய் திரும்ப வந்துவிட்டது. “பழனியம்மாளுங்க, உள்ள வாங்க” என்று கூப்பிட்டுவிட்டேன். பென்ச் கிளார்க் நிமிர்ந்து பார்த்தார். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

குற்றம் நிரூபிக்கப்படவில்லை, அனைவரும் விடுதலை என்று நடுவர் அம்மா வாசித்து முடித்தார். மற்றவர்கள் கும்பிட்டு வெளியே போனார்கள். பழனியம்மாள் மட்டும் நகரவில்லை. என்னைப் பார்த்துத் தணிந்த குரலில் கேட்டார்.

“அடுத்த வாய்தா எப்பங்க?”

மேடையிலிருந்த நடுவர் அம்மாவுக்கும் அது கேட்டிருக்க வேண்டும். கையெழுத்துப் போட எடுத்த பேனா நின்றது. வெளியே கூட்டிக்கொண்டு வந்து, “வாய்தா இல்லீங்கம்மா. முடிஞ்சு போச்சு. இனி வர வேண்டாம்” என்றேன். நான் சொன்னது மனசில் இறங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. இறங்கியதும் அவர் அழவுமில்லை, சிரிக்கவுமில்லை. அண்ணாந்து சூரியனைப் பார்த்தார்.

“அப்ப நேரத்தோட ஊட்டுக்குப் போயிரலாமுங்களா? அவரு பசியோட கெடப்பாருங்க. வாரேனுங்க.”

புதிதாக டவாலி வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இரண்டே இரண்டுதான். மூன்றாவது கூப்பாட்டை அவசரப்படாமல் கூப்பிடுங்கள். உங்கள் கையில் இருக்கிற ஒரே தர்மம் அதுதான். இன்னொன்று, ஆஸ்பத்திரியிலும் கோர்ட்டிலும் யாராவது ‘வாரேன்’ என்று சொல்லிவிட்டுக் கிளம்பினால் சும்மா விடாதீர்கள், திருத்தி அனுப்புங்கள். நான் அன்றைக்குத் திருத்தினேன்.

“வாரேன்னு சொல்லாதீங்கம்மா. இங்கிருந்து போகும்போது போறேன்னுதான் சொல்லோணும்.”

ஆறு வருஷமாக என்னிடம் வாரேன் என்றே சொல்லிப் பழகிய வாய். ஒரு தடவை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். கேட் வரைக்கும் போனவர் அங்கே நின்று திரும்பினார்.

“போறேனுங்க சாமி” என்றார்.