இடது கைக்கு மாறிய நாண்

வலது கையில் பெரிய கட்டோடு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த என் நாத்தனார், வீட்டுக்குள் நுழைந்ததும் சுவரைத்தான் பார்த்தாள். வில் மாட்டியிருந்த ஆணி மட்டும் இருந்தது. "எங்க மதினி, காணோம்?" என்றாள். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அப்போது அவள் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ் ஏறி, இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி செய்யும் இடத்துக்கு வேலைக்குப் போய்வந்தாள். அங்கே துணி வெட்டும் மெஷினில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதி போய்விட்டன. நாணை இழுக்கிற விரல்கள். சின்ன வயதில் அவளுக்கு மூங்கில் வில் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவர் என் மாமனார். ஒரு வருஷம் அம்பே தராமல், வெறும் நாணை இழுத்து மெல்லத் திரும்பக் கொண்டுவரும் பழக்கம் மட்டும்தான். வளர்ந்த பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பத்துப் பன்னிரண்டு பேருக்கு அவளே ஆசிரியை ஆகியிருந்தாள். அந்த வில்லை மாமனாரே பரணில் போட்டுவிட்டு, "அவ கண்ணுல பட வேணாம் தாயி, மனசு ஒடஞ்சிருவா" என்று என்னிடம் சொல்லியிருந்தார்.

கட்டுப் பிரித்த அன்று அவள் என்னிடம் வந்தாள். "பரண்லதான இருக்கு? எடுத்துத் தாங்க மதினி." மாமனார் பேச்சை அதுவரை நான் மீறியதில்லை. அன்று ஸ்டூலைப் போட்டு ஏறினேன்.

வில் வலது கைக்கும் நாண் இடது கைக்கும் மாறின. கை மாறினாலும் கண் மாற மறுத்தது. வலது கண்ணே முந்திக்கொண்டு குறி பார்த்தது. அவள் பேண்டேஜ் துணியால் அந்தக் கண்ணைக் கட்டிக்கொண்டாள். பின்வாசலில் மறுபடியும் அம்பில்லாமல் முதலிலிருந்து தொடங்கினாள். தோள் வீங்கிப்போய், தலைகூடச் சீவ முடியாமல் என்னிடம் சீப்பை நீட்டுவாள். மாமனார் ஜன்னல் வழியாகப் பார்ப்பார். ஒரு காலையில் இறங்கி வந்து அவள் கையைத் தொட்டு, "முழங்கைய எறக்குட்டி" என்றார். அவ்வளவு நாளும் அழாதவள் அப்போது அழுதாள். அழுதுகொண்டே முழங்கையை இறக்கினாள்.

அம்பு, குறிக்கு வைத்த வைக்கோல் கட்டுக்குள் ஒழுங்காகப் பாய ஒன்றரை வருஷம் ஆனது. பழையபடி பிள்ளைகள் வந்தார்கள். முன்பு தப்புச் செய்தால் அதட்டுவாள். இப்போது பக்கத்தில் நின்று, "எங்க வலிக்குது?" என்று முதலில் கேட்டாள்.

ராணுவத்தில் இருப்பவருக்கு வாழ்க்கைப்பட்டு அவள் வடக்கே போய் வெகுநாளாகிறது. பின்வாசலுக்குப் போனால் அவள் நின்ற இடத்தை நான் இன்னும் சுற்றித்தான் நடக்கிறேன். வடக்கிலும் அவள் வில் சொல்லிக்கொடுக்கிறாள். போன வாரம் போனில், "பொறுங்க மதினி, வகுப்பு நடக்குது" என்றாள். இந்தி எண்கள் அவள் வாயில் இன்னும் தடுமாறுமாம். நாணை இழுத்துப் பிடிக்கத் தமிழில்தான் எண்ணுகிறாள். "ஒண்ணு, ரெண்டு, மூணு..." தமிழ் தெரியாத பிள்ளைகள் அவளோடு சேர்ந்து எண்ணுவது கேட்டது.

போனை மாமனார் காதில் வைத்தேன். "யாரு தாயி எண்ணுதது?"

"அவகிட்டப் படிக்கிற பிள்ளைக மாமா."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவள் வைத்துவிட்ட பிறகும் வெகுநேரம் அவர் போனைத் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.