வெர்னாவின் நாற்பத்தைந்து கெஜம்

பெட்ரோல் குழாயை வண்டியில் செருகிவிட்டு, எதிரே கடை வாசலில் இருக்கும் ஐஸ் பெட்டியை முறைத்துப் பார்க்கிறாள் வெர்னா ஹோலுப்கோ. "முப்பத்தெட்டு கெஜம்" என்று முணுமுணுக்கிறாள். பிறகு கால்களை நீட்டி நீட்டி வைத்து அதை நோக்கி நடக்கிறாள். பெட்டியைத் தொட்டதும் முகம் சுளித்தால் கணக்குத் தப்பிவிட்டது என்று அர்த்தம். கடைக்காரர் இதற்கெல்லாம் தலையைத் தூக்குவதில்லை. மாமியாரின் அடக்கத்தன்று, கடைசி வரிசையிலிருந்து சவப்பெட்டி எத்தனை கெஜம் என்று கணவன் காதில் சொன்னவள் அவள். அவர் அழுகையை விட்டுவிட்டுச் சிரித்துத் தொலைத்தார்.

வடக்குப் பென்சில்வேனியாவின் மலைச்சாலைகளில் பனி வாரும் வண்டி ஓட்டுவது அவள் பிழைப்பு. வயது ஐம்பத்தேழு. கட்டை குட்டையான உடம்பு, எஞ்சின் இரைச்சலையும் மீறிக் கேட்கும் சிரிப்பு. கிறிஸ்துமஸ் முடிந்ததும் தொடங்கும் மான் வேட்டைக்காகத்தான் ஆண்டு முழுவதும் இந்தத் தூரப் பயிற்சி. அந்தப் பருவத்தில் குழலின் வாய்வழியே வெடிமருந்து கெட்டித்து, சக்கிமுக்கிக் கல்லால் பொறி தட்டிச் சுடும் பழைய பாணித் துப்பாக்கிக்குத்தான் அனுமதி. குழலில் இருப்பது ஒரே குண்டு. தவறினால், மறுபடி கெட்டித்து முடிப்பதற்குள் மான் மலை தாண்டிவிடும்.

அதனால் யாருக்கு எவ்வளவு தூரம் என்பது அங்கே பெரிய பேச்சு. வெர்னாவின் கொழுந்தன் ஆல்வின் மேசைமேல் மணல் மூட்டை போட்டு, அதில் துப்பாக்கியைப் படுக்கவைத்து, நூறு கெஜத்தில் அட்டையைத் துளைத்துவிட்டு ஊரெல்லாம் காட்டுவான்.

"மணல் மூட்டையையும் முதுகுல கட்டிக்கிட்டா காட்டுக்கு வரப்போறே?" என்பாள் வெர்னா.

அவள் முறை வேறு. களஞ்சியத்துக்குப் பின்னால் ஒரு வேலிக்கம்பத்தில் காகிதத் தட்டு ஒன்றை ஆணியடித்து மாட்டுவாள். மானின் நெஞ்சு அந்த அளவுதான் இருக்கும். பிறகு மேட்டில் ஏறி இறங்கி, மூச்சு இரைக்க, விரல் விறைக்க வந்து நின்று, ஒரே ஒரு முறை சுடுவாள். இரண்டாம் குண்டைக் கணக்கில் சேர்ப்பதில்லை. தட்டில் படவில்லை என்றால் அடுத்த நாள் கொஞ்சம் கிட்டே போய் நிற்பாள். எங்கிருந்து சுட்டால் ஒருநாளும் தப்பவில்லையோ, அதுதான் அந்த ஆண்டுக்கு அவளுடைய எல்லை. வேலை முடிந்து வந்து, பல் கிட்டும் குளிரில் இதை ஒருத்தி வாரக்கணக்கில் செய்கிறாள். மானுக்குக் கொடுக்கும் மரியாதை என்று நான் சொன்னால் கேலி செய்வாள். எனக்கு அப்படித்தான் படுகிறது.

வேட்டைக்கு முந்தின இரவு, மரக்குடிசையில் புளித்த முட்டைக்கோசும் தொத்திறைச்சியும் தின்றுகொண்டே வேட்டைக்குப் போகும் ஒவ்வொருவரும் தம் எல்லையை வாய்விட்டுச் சொல்வது அவர்கள் வழக்கம். போன ஆண்டு வெர்னா அறுபது என்றாள். இந்த ஆண்டு கண் கொஞ்சம் மங்கிவிட்டது. முட்கரண்டியை வைத்துவிட்டு, "நாப்பத்தஞ்சு" என்றாள்.

"நாப்பத்தஞ்சு கெஜம்னா வாலைப் புடிச்சு நிறுத்திட்டே சுடலாமே அண்ணி" என்றான் ஆல்வின்.

"புடிச்சுக் குடு. சுடறேன்."

மேசையே சிரித்தது. ஆனால் அவளுக்கு அந்த ஆண்டு விளையாட்டாக இல்லை. கணவர் வாலஸ் முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து வீட்டில் கிடந்தார். ஃப்ரீசரில் பட்டாணிப் பொட்டலங்களைத் தவிர வேறொன்றும் இல்லை. அவள் ஒரு மான் கொண்டுவராவிட்டால், வசந்தம்வரை ஆல்வின் வீட்டுக் கறியைக் கேட்டு வாங்க வேண்டும். அவன் கறி கொடுப்பான். கூடவே வாய் ஓயாமல் அறிவுரையும் கொடுப்பான்.

நாட்கள் ஓடி, கடைசி நாளும் சாய்ந்தது. தன் மானை முன்பே அடித்துவிட்ட ஆல்வின் துணைக்கு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். ஓடைப் பள்ளத்துக்கு அந்தப்புறம், பெரிய ஹெம்லாக் மரத்தருகே ஒரு கொழுத்த கடாமான் வந்து பக்கவாட்டில் நின்றது.

"நாப்பதுதான் இருக்கும். சுடுங்க" என்று கிசுகிசுத்தான் ஆல்வின்.

வெர்னா துப்பாக்கியை ஏந்தினாள். குழல் நுனியில் இருக்கும் பித்தளைக் குறி மானின் நெஞ்சு முழுவதையும் மறைத்தது. அவள் எல்லைக்குள் என்றால் முக்கால்வாசியைத்தான் மறைக்கும்.

"இது அறுபதுக்குக் குறையாதுடா. பள்ளத்துக்கு அந்தாண்ட நிக்கிறது எப்பவும் கிட்டத் தெரியும். பனி வேற."

"ஃப்ரீசரை நெனைச்சுக்கோங்க அண்ணி."

நினைக்காமல் இல்லை. அவள் விரல் விசைமேல் இருந்தது. மான் இன்னும் கொஞ்சம் கிட்டே வராதா என்று மனம் அடித்துக்கொண்டது. அது வரவில்லை. தலையை ஆட்டிவிட்டு மேட்டில் ஏறி மறைந்தது.

"சட்டியில விழ வேண்டியது, வாசலோட போயிடுச்சு" என்று ஆல்வின் பொருமினான். "நாப்பதுன்னு சொன்னேனே."

கெட்டித்த மருந்தை எப்படியும் சுட்டுத்தான் காலி செய்ய வேண்டும். வெர்னா இடக்கைக் கம்பளி உறையைக் கழற்றிக்கொண்டு பள்ளத்தைக் கடந்தாள். மானின் குளம்படி இருந்த இடத்தில், அதன் நெஞ்சு உயரத்தில், ஹெம்லாக் மரத்தின் அடித்தண்டில் நீட்டிக்கொண்டிருந்த குச்சியில் உறையைத் தொங்கவிட்டாள். திரும்பி வந்து, அதே இடத்தில் உட்கார்ந்து, மூச்சைப் பிடித்துச் சுட்டாள். பொறி தட்டி, ஒரு கணம் தயங்கி, துப்பாக்கி இடித்தது. புகை பள்ளத்தில் இறங்கிக் கலைந்தது.

இருவரும் நடந்தார்கள். ஆல்வின் காலடிகளை வாய்க்குள் எண்ணிக்கொண்டே வந்தான். நாற்பதை எண்ணியபோது அவன் ஓடைக்கரையில்தான் நின்றான். அதற்கப்புறம் எண்ணவில்லை.

உறையில் ஒரு நூல்கூட அறுந்திருக்கவில்லை. ஒரு சாண் தள்ளி, கொஞ்சம் கீழே, மரப்பட்டையில் குண்டு புதைந்திருந்தது. ஆல்வின் அந்தக் குழியில் விரலை விட்டுப் பார்த்தான். மானாக இருந்தால் அது வயிறு.

"சொல்லு" என்றாள் வெர்னா. "இந்நேரம் நாம என்ன பண்ணிட்டிருப்போம்?"

ஆல்வின் குழியிலிருந்து விரலை எடுத்தான். "ரத்தத்தைத் தேடிக்கிட்டு அலைஞ்சிருப்போம்."

"அது எங்கயோ படுத்து அனத்திக்கிட்டிருக்கும்."

ஆல்வின் தலையசைத்தான். அறிவுரை எதுவும் வாயில் வரவில்லை.

"உன் மான் கறியில முன்னங்கால் எலும்பையெல்லாம் என் தலையில கட்டாதே. முதுகுக்கறியாப் பார்த்து எடு" என்றாள் வெர்னா. குச்சியிலிருந்து உறையை எடுத்து, ஒட்டியிருந்த பனியைத் தட்டி, கையில் மாட்டிக்கொண்டு, உள்ளங்கையை அவன்முன் நீட்டினாள்.