அறுபத்துநாலும் வந்தாகணும்

ஆறு மாச புரொபேஷன் முடிய எனக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் பாக்கி. உப்பளம்ங்கற ஏரியாவுல பன்னண்டு பேர் இருந்த சின்ன கம்பெனி. வேலை நிரந்தரமாகலன்னா தவளக்குப்பத்துல அண்ணனோட உரக்கடையில போய் உட்காரணும்னு வீட்டுல முடிவே பண்ணிட்டாங்க. எனக்கு யூரியா வாடையே ஆகாது.

நாங்க செஞ்சது எமுலேட்டர். அதாவது, ஒரு கம்ப்யூட்டருக்குள்ள இன்னொரு கம்ப்யூட்டர் இருக்கற மாதிரி நடிக்கற சாஃப்ட்வேர். அந்தப் பொய்க் கம்ப்யூட்டருக்குப் பதினாறு புராசஸருக்கு மேல குடுக்க முடியாதுன்னு ஒரு வரம்பு இருந்துச்சு. வெளிநாட்டு கஸ்டமர் அறுபத்துநாலு கேட்டாரு. முதலாளி என்னைக் கூப்பிட்டு எத்தனை நாள் ஆகும்னாரு. புரோகிராமைத் தொறந்து பார்த்தேன். பதினாறுன்னு ஒரே ஒரு வரி. வாய் சும்மா இருக்குமா? இன்னிக்கே முடிச்சுடறேன் சார்னு சொல்லிட்டேன்.

பதினாறை அழிச்சு அறுபத்துநாலு போட்டேன். ஒரு மணிக்கு ஆபீஸ் காலி. எங்க ஊர்ல ஒண்ணுலருந்து மூணரை வரைக்கும் சாப்பாடு, தூக்கம். அதை யாராலயும் அசைக்க முடியாது. மத்தவங்களுக்கெல்லாம் வீடு பக்கத்துல. நான் பஸ் புடிச்சு ஆத்தைத் தாண்டி அரியாங்குப்பம் போய் வர்றதுக்குள்ள பொழுதே போயிடும்னு டிபன் பாக்ஸோட தங்கிடுவேன். அப்பத்தான் ஓட்டிப் பார்த்தேன். அறுபத்துநாலும் வந்துச்சு. பத்து தடவை ஓட்டினேன், பத்து தடவையும் வந்துச்சு. அன்னிக்குத் தயிர்சாதம் அமிர்தமா இருந்துச்சு.

நாலு மணிக்கு டெமோ. கஸ்டமர் ஃபோன்ல இருக்காரு, எங்க திரை அவருக்கும் தெரியுது. ஓட்டினேன். முப்பத்தேழு. திரும்ப ஓட்டினேன். இருபத்தொண்ணு. அதுக்கப்புறம் நாப்பத்தாறு. என்ன கண்றாவி இது! முதலாளி ஒரு வாரம் டைம் கேட்டுட்டு ஃபோனை வெச்சாரு. என்னை ஒரு வார்த்தை திட்டல. திட்டியிருந்தாலாவது தேவல.

மறுநாள் மத்தியானம் தனியா ஓட்டினா, சனியன், ஒண்ணு குறையாம வருது. மூணரைக்கு எல்லாரும் கண்ணைத் தேய்ச்சுக்கிட்டு வந்து உட்கார்ந்ததும் குறையுது. அப்பத்தான் எனக்கு உறைச்சுது. பன்னண்டு பேர் வேலையும் ஓடறது என் எமுலேட்டர் ஓடற அதே ஒரு சர்வர்லதான். பொய்க் கம்ப்யூட்டர் கண்ணு முழிக்கும்போது புராசஸருங்களைக் கூப்பிட்டுட்டு, கண்ணிமைக்கற நேரம் காத்திருந்து, அதுக்குள்ள 'உள்ளேன் ஐயா' சொன்னதை மட்டும் எண்ணிக்குது. சர்வர் சும்மா இருந்தா எல்லாம் சொல்லிடும். வேலை நெருக்கினா பாதி பின்தங்கிடும். பதினாறோட நின்ன வரைக்கும் இது யாருக்கும் தெரியல.

முதலாளிகிட்ட போய்ச் சொன்னேன். அவரு கொஞ்சம் யோசிச்சுட்டு, அப்ப அடுத்த டெமோவை ரெண்டு மணிக்கு வெச்சுக்கலாமேன்னாரு. விளையாட்டுக்கு இல்ல, நிஜமாத்தான். உன் பர்மனென்ட் லெட்டரையும் அன்னிக்கே குடுத்துடலாம்னு சேர்த்துக்கிட்டாரு. எனக்கு ஆசை இல்லாம இல்ல. ஆனா கோவம் முந்திக்கிச்சு.

"சார், கஸ்டமர் ஊர்ல யாரும் மத்தியானம் தூங்க மாட்டாங்க."

சொன்னதும் நாக்கைக் கடிச்சுக்கிட்டேன். உரக்கடைதான்னு முடிவு பண்ணிட்டேன். அவரு டெமோவை நாலு மணிக்கே வெச்சாரு.

நேரத்தைப் பார்த்துக் கணக்கை முடிக்காம, கேட்ட அத்தனையும் வர்ற வரைக்கும் காத்திருக்கற மாதிரி மாத்தினேன். டெமோ அன்னிக்கு மத்தவங்க எல்லாரையும் வேணும்னே பெரிய பெரிய வேலையா ஓட்டச் சொன்னேன். திரை கறுப்பாவே நின்னுச்சு. அஞ்சு செகண்டு. பத்து செகண்டு. ஹேங் ஆயிடுச்சுன்னு நெனச்சு முதலாளி கீபோர்டு பக்கம் கையை நீட்டினாரு. நான் லபக்குன்னு அந்தக் கையைப் புடிச்சுட்டேன். அப்புறம் திரையில அறுபத்துநாலுன்னு விழுந்துச்சு. ஃபோன்ல கஸ்டமர் திருப்தின்னாரு. எனக்குக் கண்ணு கலங்கி நம்பரே மங்கலாத் தெரிஞ்சுது. அதையே பார்த்துக்கிட்டு நின்னேன்.

"கையை விடும்மா"ன்னாரு முதலாளி. "உன் லெட்டர்ல கையெழுத்துப் போடணும்."